வராத அழுகை

ஹாலிவுட், கலிஃபோர்னியா
1919 ஏப்ரல், ஞாயிறு இரவு

மதிப்புக்குரிய மிஸ் லோரிமர் அவர்களுக்கு,

பியூலா வணக்கத்துடன் எழுதுவது. நியூயார்க்கில் நீங்கள் தங்கியிருக்கும் ஓட்டலின் முகவரியை வயலின் வாசிக்கும் மிஸ்டர் ஜேக்கபியிடம் கேட்டு வாங்கினேன். அவர் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, "எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்லாத. எனக்கு இன்னும் இங்க வேலை இருக்கணும்" என்றார். நாளைக் காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பவரும் அவர்தான். ரயிலில் உங்களிடம் வந்து சேர நாலைந்து நாள் ஆகுமாம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் எப்படியாவது வந்துவிட வேண்டும்.

ரயிலில் உங்களுக்கு எப்போதும் தலைவலி வருமே, இந்த முறை தேவலையா? இங்கே எல்லோரும் நலம். கோவேறு கழுதை மார்த்தாவும் நலம். ஸ்டூடியோ பள்ளியில் மிஸ் பிராட் எங்களுக்குத் தசமப் பின்னம் தொடங்கியிருக்கிறார். உங்கள் டைரக்டர் நாற்காலியில் இப்போது உங்கள் உதவியாளர் மிஸ்டர் டன்னிங் உட்காருகிறார். நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்துக்கொண்டு கத்துகிறார். நீங்கள் பேசும்போது நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வருவோம். இப்போது எல்லோரும் ஓரடி பின்னால் போகிறோம்.

எங்கள் வாடகை வீட்டின் மாடிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தொட்டி விளிம்பில் கணக்கு நோட்டை வைத்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். எதிர் அறைக்காரர் ஒருமுறை கதவைத் தட்டி, "யாராவது உள்ள செத்துக் கிடக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொட்டி விளிம்பு சரிவாக இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். மன்னியுங்கள். இந்த ஒன்றுக்குத்தான் மன்னிப்பு கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

சொல்ல வந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறுபடி தசமப் பின்னத்துக்குப் போய்விடுவேன். படப்பிடிப்பின் அந்தக் கடைசி மூன்று நாட்களும் எனக்கு அழுகை வராமல் இல்லை. நான்தான் வரவிடவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மிஸ்டர் ஹார்ட்விக் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வீட்டுக்கார அம்மாள் கூட அவருக்காக மாட்டிறைச்சி வேகவைத்து, நல்ல தட்டுகளை எடுத்து வைத்தாள். சினிமாக்காரர்களுக்கு அறை கிடையாது என்று வாசலில் பலகை மாட்டியிருந்த அதே அம்மாள்தான். சாப்பிட்டு முடித்ததும் அவர் அம்மாவிடம் சொன்னார்: "உங்க பொண்ணு நல்லா அழுவா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, மிசஸ் ஹென்ஷா. கொஞ்ச நாளைக்கு அழாம இருப்பாளான்னுதான் கேக்க வந்தேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். உங்களுடைய ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறதாம். படம் குறித்த தேதியைத் தாண்டினால் கம்பெனி வேறு டைரக்டரைப் போட்டுக்கொள்ளலாமாம். "பாங்குக்காரங்க உள்ள வர்றாங்க. இவ்வளவு பெரிய கம்பெனிய ஒரு பொம்பளைய நம்பியா நடத்தறீங்கன்னு கேக்கறாங்க. நானா கேக்கறேன்? அவங்க கேக்கறாங்க" என்றார்.

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "என் பொண்ணுக்கு முதல் வேஷம் குடுத்தது அவங்கதானே" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "அவங்க குடுத்தது ஒரு வேஷம். நான் கொண்டு வந்திருக்கிறது அஞ்சு வருஷம்" என்று சட்டைப் பையிலிருந்து எனக்கான ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைப் பொய் சொல்லச் சொல்லல, பாப்பா. சும்மா இரு, அவ்வளவுதான். சும்மா இருக்கிறதுல என்ன பாவம்?" என்றார்.

அன்று இரவு அம்மா என் தலையை வாரிவிட்டபடி பேசினாள். "நாடகக் கம்பெனியோட ஊர் ஊராப் போனோமே, ஞாபகம் இருக்கா? டப்பா பீன்ஸை அறையிலயே சுட வெச்சு, ஓட்டல்காரன் மோப்பம் பிடிக்காம இருக்க ஜன்னலைத் திறந்து வெச்சு, பனியில நடுங்கிக்கிட்டுத் தின்னோமே. அங்கயே திரும்பிப் போலாமா? நீ சொல்லு." நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

போரிலிருந்து திரும்பும் அப்பாவை அடையாளம் தெரியாமல் வாசற்கதவில் நிற்கும் மகள், தெரிந்துகொண்டதும் அழ வேண்டும். படத்தில் மீதி இருந்தது அது ஒன்றுதான். தெருவில் நிற்க நூறு பேரை வரவழைத்திருந்தீர்கள். வெயிலை வடிகட்டத் தலைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நீங்கள் என் காதருகில் வந்து, "அழணும்னு நெனைக்காத, கண்ணு. அந்தக் கதவைத் திறக்கணும்னு மட்டும் நெனை" என்றீர்கள். எனக்கு அழுகை வருவதற்காக வாசிக்க மிஸ்டர் ஜேக்கபி வயலினை எடுத்தார்.

அந்த நிமிஷமே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள் கன்னத்தைப் பல்லால் கடித்துக்கொண்டேன். மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். அழுகை போய்விட்டது. எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

முதல் நாள், ஆண்கள் சுற்றி நின்று முறைப்பதால்தான் எனக்கு வரவில்லை என்று நினைத்து எல்லோரையும் காப்பி குடிக்க அனுப்பினீர்கள். மறுநாள் காற்று குளிர்கிறது என்று உங்கள் மேல்கோட்டை எனக்குப் போர்த்தினீர்கள். வெயில் இறங்கி வேலையை நிறுத்தியபோது, சுமை தூக்குகிறவர்கள், "டைரக்டரம்மாவும் பொண்ணும் கதவைப் பாத்துக்கிட்டே கிழவியாயிருவாங்க போலிருக்கு" என்று கேலி பேசினார்கள். உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம், "நான் கிழவியானாப் பரவாயில்ல. நீ ஆகறதுக்குள்ள எடுத்துரலாம்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் என்னோடு மண்ணில் உட்கார்ந்துகொண்டீர்கள். ஒஹையோவில் சின்னப் படக்கொட்டகையில் திரைக்குக் கீழே பியானோ வாசித்த காலத்தைச் சொன்னீர்கள். ஜனங்கள் எந்த இடத்தில் வேர்க்கடலை மெல்வதை நிறுத்துகிறார்கள் என்று முதுகுப் பக்கமாகவே கேட்டுக் கேட்டுத்தான் படம் எடுக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னீர்கள். டைரக்டர் குடித்துவிட்டு வராத ஒரு நாள் நீங்கள் எழுந்து நின்று, "நான் எடுக்கிறேன்" என்றதையும் சொன்னீர்கள். பொம்பளைக்குக் கீழே வேலை செய்யப் பிடிக்காத கேமராக்காரர் கைப்பிடியை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினாராம். மெதுவாகச் சுற்றினால் திரையில் எல்லாம் வேகமாக ஓடுமாம், கல்யாண மாப்பிள்ளை தெள்ளுப்பூச்சி மாதிரி குதித்தாராம். மறுநாள் நீங்கள் அவர் பக்கத்திலேயே நின்று, அவர் கை சரியான வேகத்தில் சுற்றும்படி நாள் முழுக்கப் பாட்டு முனகினீர்களாம். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னீர்கள். நான் சிரிக்கவும் இல்லை. அந்த ஆள் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார், நான் கன்னத்தைக் கடிக்கிறேன், இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் உங்களுக்குத் தொலைபேசி என்று மிஸ்டர் ஹார்ட்விக் ஆள் அனுப்பினார். நீங்கள் நகர்ந்ததும் மிஸ்டர் டன்னிங் கேமராவை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். "பியூலா, மனசைத் திடப்படுத்திக்கோ. மார்த்தா மேல லாரி ஏறிருச்சு. செத்துப்போச்சு" என்றார்.

ஸ்டூடியோப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விஷயம். யாருக்காவது அழுகை வராவிட்டால் டைரக்டர்கள் நாயைக் கொல்வார்கள், பூனையைக் கொல்வார்கள், அவசரமென்றால் பெற்ற தாயையும் கொல்வார்கள். பக்கத்துக் கம்பெனிப் பையன் ஒருவனுக்கு இந்த வருஷத்தில் நாலு தடவை அம்மா இறந்திருக்கிறாள். நீங்கள் ஒருத்தர்தான் எந்தக் குழந்தையிடமும் அப்படிச் சொன்னதில்லை. அது போக, வண்ணம் பூசிய சுவருக்கு மேலே மார்த்தாவின் இரண்டு காதுகளும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே நான் அழவில்லை. அப்போதுதான் நீங்கள் ஓடி வந்தீர்கள். கேமரா சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தும், பிலிம் வீணாவதைப் பற்றி யோசிக்காமல் நேராக எனக்கு முன்னால் வந்து மண்டியிட்டீர்கள். "மார்த்தாவுக்கு ஒண்ணுமில்ல, கண்ணு. பொய் சொல்றாங்க. உனக்கு அழுகை வரலைன்னா வரலை. நீ எங்கிட்ட ஒருநாளும் ஏமாத்தினதில்ல. கேக்கத் தெரியாதது என் தப்பு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினீர்கள்.

அதற்கு மேல் எந்த வாய்ப்பாடும் ஞாபகம் வரவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் கேமராக்காரர் சுற்றிக்கொண்டே இருந்தார். நீங்கள் தள்ளிப் போன பிறகு பிலிமில் விழுந்ததைத்தான் வெட்டி எடுத்து, மிஸ்டர் டன்னிங் ஐந்து நிமிஷத்தில் சாதித்தது என்று நியூயார்க்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த அழுகை மார்த்தாவுக்காக இல்லை. என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை நியூயார்க்கில் முதலாளிகள் கூடி, தேதி தாண்டியது என்று பறித்த படத்தை உங்களிடம் திருப்பித் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். தராவிட்டால் வேறு எந்தக் கம்பெனியும் இனி உங்களைக் கூப்பிடாது என்று மிஸ்டர் ஜேக்கபி சொல்கிறார். நான் பன்னிரண்டு வயதுப் பெண். என் பேச்சு எடுபடுமா என்று தெரியவில்லை. ஆனால் உங்களுக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை. இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டுங்கள். அம்மாவைத் திட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கன்னத்தைக் கடித்தது நான்தான்.

கதவுக்கு வெளியே யாரோ நடக்கிறார்கள். முடிக்கிறேன்.

தலைநிமிர முடியாத
பியூலா

*

ஹாலிவுட்
மே, வெள்ளி இரவு

மதிப்புக்குரிய மிஸ் லோரிமர் அவர்களுக்கு,

உங்கள் பதில் மிஸ்டர் ஜேக்கபியின் வயலின் பெட்டிக்குள் ஒளிந்து என்னிடம் வந்தது. என் கடிதத்தையும் உள்ளே வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கூட்டத்துக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது என்றும், யாரிடமும் காட்டவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு குழந்தையின் அழுகையை வைத்து இதுவரை நீங்கள் படம் ஜெயித்ததில்லை, வழக்கு மட்டும் எப்படி ஜெயிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் நன்றாகச் சாப்பிட வேண்டும், தசமப் புள்ளியை இடம் மாற்றி வைக்கக் கூடாது என்றும் இருந்தது. திட்டி ஒரு வரி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை முடிவு இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் அறைக் கதவில் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, இன்னும் படிக்கிற மாதிரியே இருக்கிறது. சாப்பாட்டுக் கொட்டகையில் உங்களைப் பற்றிய கதைகளை இப்போதும் சொல்கிறார்கள். ஆள்தான் மாறியிருக்கிறது. கேமராவைக் குழந்தை வண்டியில் கட்டி ஓடும் பெண்ணோடு கூடவே தள்ளிக்கொண்டு போனது மிஸ்டர் டன்னிங்கின் யோசனையாம். கேமராவை ஏற்றுவதற்கு முன்னால், எடை தாங்குமா என்று பார்க்க அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவள் நான். அன்று மிஸ்டர் டன்னிங் கம்பெனியிலேயே இல்லை. நான் சூப்பைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எண்பது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறீர்கள். இப்படி ஒவ்வொரு நாள் சாப்பாட்டிலும் ஒன்றிரண்டாகக் குறைகிறது.

நேற்று பொமோனாவில் ஒரு கொட்டகையில் வெள்ளோட்டமாகப் படத்தைப் போட்டார்கள். நியூயார்க்கிலிருந்து முதலாளி மிஸ்டர் ஆல்டனே வந்திருந்தார். எனக்குப் புது வெள்ளைக் கவுன். "டைரக்டர்" என்ற அட்டை திரையில் வந்தபோது நான் குனிந்து ஷூ வாரைக் கட்டினேன். அதில் யார் பெயர் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் படம் உங்களுடையதுதான், மிஸ் லோரிமர். யாராலும் அதை மாற்ற முடியவில்லை. அப்பா தெருமுனையில் வரும்போது அவர் முகத்தைக் காட்டாமல், காற்றில் ஆடும் காலிச் சட்டைக் கையை மட்டும் காட்டினீர்களே, அந்த இடத்தில் கொட்டகை முழுவதும் மெல்வதை நிறுத்திவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே முதுகுப் பக்கமாகக் கேட்டேன். பிறகு என் முகம் வந்தது. பின் வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம்டி, பெத்த அப்பனுக்காக எப்படி உருகுது பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

படம் முடிந்ததும் வெளிக்கூடத்தில் மிஸ்டர் ஆல்டன் என்னைக் கூப்பிட்டார். மிஸ்டர் ஹார்ட்விக், மிஸ்டர் டன்னிங், அம்மா எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவர் குனிந்து, "எங்க, நீயே சொல்லு பாப்பா. அவ்வளவு அழுகைய எங்க வெச்சிருந்த?" என்று கேட்டார். மிஸ்டர் டன்னிங் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார். கோவேறு கழுதைக் கதையை நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்.

"என்னை அழச் சொல்லலீங்க. அழாதேன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. பிறகு மிஸ்டர் ஆல்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீங்களா? அழாதேன்னா அழுதிருக்கா. பொம்பளப் பிள்ளைன்னா இப்படித்தான். என் வீட்டுலயும் மூணு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்டர் ஹார்ட்விக் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் கவுனைப் பிடித்துக் குனிந்து வணக்கம் சொன்னேன், மிஸ் லோரிமர். நடனப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி, முழங்கால் மடக்கி.

திரும்பும் வழியில் காரில், வீடு நெருங்கும்போது அம்மா, "நல்லவேளை, அவர் சிரிச்சிட்டாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் தெரியும்டி. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" என்றாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. என் அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். நானும் அவளைப் போலத்தான் இருக்கிறேன்.

இன்றைக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறேன். முதலாவதை எழுதி முடித்துவிட்டேன். அது மிஸ்டர் ஆல்டனுக்கு. அவர் ஓட்டலில் செவ்வாய் வரை இருப்பாராம். உங்களுக்கு எழுதிய எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன். சிரிக்கிற மாதிரி ஒரு வரிகூட இல்லாமல் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அது உங்கள் குணம். ஆனால் இந்த அழுகை என்னுடையது. அதை வைத்து நீங்கள் எதையும் ஜெயிக்க வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது மட்டும் என் பாடு.

அவர் படிப்பாரா, படித்துவிட்டுக் கிழிப்பாரா, தெரியாது. உங்கள் பெயர் திரும்பத் திரைக்கு வரும் என்று நினைக்கிற அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. அந்த ஐந்து வருஷக் காகிதம் போய்விடும் என்பது மட்டும் நிச்சயம். காலையில் நானே அவர் ஓட்டலுக்கு நடந்து போய் வாசலில் இருப்பவரிடம் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்வேன். கொடுப்பதற்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் அவள் அழுவாள், நான் கடிதத்தைக் கிழித்துவிடுவேன்.

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. மன்னித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது உங்களுக்குச் சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வேறு ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது, எந்த ஊரிலாவது, நீங்கள் மறுபடியும் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். உங்கள் முன்னால் ஒரு குழந்தை நிற்கும். அதற்கு அழுகை வராது. வெயில் இறங்கிக்கொண்டே இருக்கும், சுற்றி நிற்பவர்கள் முனகுவார்கள். அப்போது என்னை நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைச் சந்தேகமாகப் பார்த்துவிடாதீர்கள். அதற்கு உண்மையாகவே வராமல் இருக்கலாம். மண்ணில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பியானோ வாசித்த கதையைச் சொல்லுங்கள்.

என்றும் உங்களுக்குக் கடன்பட்ட
பியூலா ஹென்ஷா